டொக்ஸிசைக்கிளின் போடும் காலத்தில் ரொசேசியா முகத்தை யாழ்ப்பாண வெயிலில் காப்பது: முழுமையான வழிகாட்டி

முகம் சிவந்து எரியும் தோல் நோயான ரொசேசியாவுக்கு டொக்ஸிசைக்கிளின் என்ற அன்ரிபயோற்றிக் குளிசையை எழுதித் தரும்போது மருந்துத் துண்டோடு ஒரு வசனமும் வரும்: "வெயில் படாமல் பாத்துக்கொள்ளுங்கோ." கிளினிக் வரிசையில் அதற்கு மேல் விளங்கப்படுத்த நேரம் இருக்காது. வெளியே வந்தால் தலைக்கு மேல் வெயில்தான் நிற்கும்.

நான் தீவகப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். ஸ்கூட்டரில், யாழ் நகரைத் தீவுகளோடு இணைக்கும் பண்ணைப் பாலம் தாண்டித்தான் போய்வருகிறேன். இந்தக் குளிசையை இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் மூன்று மாதம் எடுத்தேன். முதல் தடவை கை பொசுங்கியது. இரண்டாம் தடவை ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு ஐந்தாறு பேர் என்னிடம் கேட்டு வந்தார்கள். அத்தனை பேரும் ஒரே பிழையைத்தான் விட்டிருந்தார்கள். எடுத்தவுடன் பாமசிக்குப் போய் விலை கூடிய சன்ஸ்கிறீன் ஒன்றை வாங்கி, அதைப் பூசிக்கொண்டு நடு மத்தியானம் வெளிக்கிட்டிருந்தார்கள்.

இங்கே இரண்டு தொல்லை ஒன்றாக வருகிறது. குளிசை தோலை வெளிச்சத்துக்கு இளக வைக்கிறது, அதாவது வெயில் பட்டால் இலகுவில் எரியவைக்கிறது. ரொசேசியா சூட்டுக்குக் கொதிக்கிறது. வெளிச்சத்தை மறிக்க முகத்தை இறுக்கிப் பொத்தினால் உள்ளே சூடு ஏறும். சூடு தாங்காமல் திறந்து விட்டால் வெளிச்சம் படும். அதனால் வரிசை முக்கியம்: முதலில் நேரம், பிறகு நிழல், பிறகு உடுப்பு, கடைசியில் கிறீம்.

நான் வைத்தியர் அல்ல. குளிசையின் அளவை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் டொக்டரின் வேலை. கீழே இருப்பது அதற்கு வெளியே நாங்கள் செய்யவேண்டியது.

1. வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் மேசையில் பரப்புங்கள்

முதல் குளிசையைப் போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். வெயிலுக்குத் தோலை இளக வைப்பது டொக்ஸிசைக்கிளின் மட்டும் அல்ல. பிறசருக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதயசைட், நீர் இறங்கக் கொடுக்கும் புரூசமைட், இதயத் துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோன், சிப்ரோபுளொக்சசின் என்ற அன்ரிபயோற்றிக், மூட்டு வலிக்கான நப்ரொக்சென், மேலே பூசும் கீற்றோபுரொபென் ஜெல் எல்லாம் இதே வேலையைச் செய்யக்கூடியவை. முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயினும் தோலை மெல்லியதாக்கி வெயிலுக்குக் காட்டிக்கொடுக்கும். அதை டொக்ஸிசைக்கிளினோடு சேர்த்து எடுக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் மண்டைக்குள் அழுத்தம் கூடும் ஆபத்து உண்டு.

பெட்டிகளையும் அட்டைகளையும் ஒரு படம் எடுத்து டொக்டரிடம் காட்டுங்கள். பெயரை வாயால் சொல்லப் போனால் பாதி மறந்துவிடும். என்னிடம் வந்த ஒரு அம்மா பத்து வருடமாகப் பிறசர் குளிசை போடுகிறார். அது அவருக்குச் சாப்பாடு மாதிரி ஆகிவிட்டது. மருந்து என்று சொல்லவேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். பிறசர் குளிசையை நிறுத்தி வரும் கேடு வெயிலால் வரும் கேட்டைவிடப் பெரிது.

மூன்று விடயம் கட்டாயம் கேட்டு வாருங்கள். குளிசை எத்தனை மில்லிகிராம்? எவ்வளவு காலம்? கையோ முகமோ எரிந்தால் அடுத்த குளிசையைப் போடுவதா, விடுவதா? அளவைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அளவு கூடக் கூட வெயில் எரிவும் கூடும். 40 மில்லிகிராம் மெதுவாகக் கரையும் வகைக்கும் 100 மில்லிகிராமுக்கும் இதில் வித்தியாசம் உண்டு. கர்ப்பமாக இருந்தால், இருக்கக்கூடும் என்றால், பாலூட்டுகிறீர்கள் என்றால் அதை முதலே சொல்லிவிடுங்கள்.

இரவில் போட்டால் பகல் வெயில் ஒன்றும் செய்யாது என்று பலர் நம்புகிறார்கள். அது பிழை. இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே 16 முதல் 22 மணித்தியாலம் எடுக்கும். இரவு 8 மணிக்குப் போட்ட குளிசை அடுத்த நாள் மத்தியானமும் இரத்தத்தில் இருக்கும். அதோடு, போட்டவுடன் படுத்தால் தொண்டைக்குக் கீழே ஒட்டிப் புண்ணாக்கும். நிறையத் தண்ணீர் குடித்து, குறைந்தது அரை மணித்தியாலம் நிமிர்ந்து இருங்கள். இரும்புச்சத்துக் குளிசை, கல்சியம், வயிற்றெரிவு மருந்து என்பவற்றை இதோடு சேர்த்துப் போடாமல் இரண்டு மூன்று மணித்தியாலம் தள்ளி வையுங்கள். சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

2. முகத்துக்குப் பூசும் பழைய சாமான்களை ஒதுக்குங்கள்

புதிய கிறீம் வாங்குவதற்கு முன் பழையதைக் கழிக்கவேண்டும். எரிச்சல் வந்தால் எது காரணம் என்று பிறகு பிரித்தறிய முடியாது.

முதலில் போகவேண்டியது, விபரம் அச்சிடாத சின்ன டப்பியில் வரும் வெள்ளையாக்கும் கிறீம். அப்படியானவற்றில் பெற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்ற ஸ்டீரொய்ட் கலந்திருப்பது உண்டு. முதல் சில கிழமை முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு அதே கிறீம் ரொசேசியாவைக் கிளப்பி மோசமாக்கும். நீண்டநாள் பூசி வந்திருந்தால் சடுதியாக விடும்போது முகம் ஒருமுறை கொதித்துச் சிவக்கும். ஆகவே அதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லி, அவர் சொல்லும் விதத்தில் விடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் கறுப்பாகப் பிறந்த பெண்பிள்ளைகளிடம் எத்தனை பேர் இந்த டப்பியைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

இரண்டாவது தேசிக்காய். தேசிப்புளி பட்ட தோலில் வெயில் பட்டால், எந்தக் குளிசையும் போடாதவருக்கே பொசுங்கிக் கறுக்கும். முகத்தில் பூசவே வேண்டாம். குசினியில் பிழிந்தால் கையை நன்றாகக் கழுவிவிட்டு வெளியே போங்கள்.

மூன்றாவது ஓடிக்கொலோன். வெக்கைக்கு நெற்றியிலும் கழுத்திலும் தடவுவது இங்கே பல வீடுகளில் பழக்கம். அதிலுள்ள அல்ககோல் ரொசேசியாவை எரிக்கும். பேர்கமொட் எண்ணெய் சேர்ந்த வாசனைகள் வெயிலோடு சேர்ந்து தோலில் கறுப்புக் கோடு விடுவதும் உண்டு. மெந்தோல் போட்ட குளிர்ச்சிப் பவுடர், கற்பூர வாசம் வரும் தைலம், பாம் எல்லாம் இதே கணக்கு. பூசியதும் குளிரும், பத்து நிமிடத்தில் முகம் கொதிக்கும்.

சவர்க்காரம் பற்றியும் ஒரு சொல். குடாநாட்டில் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்துதான் கிணற்றுத் தண்ணீர் வருகிறது. சவர்க்காரம் நுரைக்காது, கழுவிய பிறகும் ஒரு பிசுக்குப் படை நிற்கும். நுரைக்கவில்லையே என்று இன்னும் போட்டுத் தேய்ப்பார்கள், முகம் வறண்டு வெடிக்கும். வாசனையில்லாத மென்மையான முகம் கழுவும் திரவம் ஒன்றை விரலால் மட்டும் தடவிக் கழுவி, துவாயால் ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள்.

3. உங்கள் நிழலை அளந்து நாளைப் பிரியுங்கள்

மற்ற எல்லாப் படியையும் விட இந்தப் படிதான் கூடப் பலன் தரும். இதற்குச் சல்லிக்காசு செலவில்லை.

முற்றத்தில் நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்களைவிடக் கட்டையாக இருந்தால் வெயிலிலுள்ள புற ஊதாக்கதிர் (யூவி) கடுமையாக இருக்கும் நேரம் அது. யாழ்ப்பாணத்தில் உச்சிப் பொழுது மணிக்கூட்டில் சரியாக 12 மணிக்கு வருவதில்லை, 12.10 அளவில்தான் வரும். சித்திரையில் காலை 9.10 அளவிலிருந்து பின்னேரம் 3.10 அளவு வரை நிழல் கட்டையாக இருக்கும். மார்கழியில் அந்த இடைவெளி சுருங்கி 10 மணியிலிருந்து 2 மணி தாண்டும் வரை நிற்கும்.

வருடத்தில் இரண்டு தடவை சூரியன் எங்களுக்கு நேர் உச்சியில் வரும். ஒன்று ஏப்ரல் நடுப்பகுதி, அதாவது சித்திரைப் புதுவருடத்தை ஒட்டி. மற்றது ஓகஸ்ட் கடைசி, நல்லூர்த் திருவிழாக் காலத்தை ஒட்டி. இரண்டும் நாங்கள் வெளியே கூடுதலாகத் திரியும் காலங்கள். மூன்று மாதக் குளிசையைத் தொடங்கும் திகதியில் தெரிவு இருந்தால், இந்த இரண்டையும் தள்ளி வைக்கலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். என் இரண்டாம் தடவை ஐப்பசியில் தொடங்கியது. பெரிய உதவியாக இருந்தது.

நிழல் கணக்கின் இரண்டு பக்கத்திலும் இன்னும் அரை மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள். புற ஊதாக்கதிரில் யூவிஏ, யூவிபி என்று இரண்டு வகை எங்களில் படும். டொக்ஸிசைக்கிளினோடு சேர்ந்து எரிப்பது பெரும்பாலும் யூவிஏ கதிர். வெயில் சாயும்போது யூவிபி விரைவாகக் குறையும், யூவிஏ மெதுவாகத்தான் குறையும். மெல்லிய முகிலையும் அது ஊடுருவும். மாரியில் மூடிக்கொண்டு நிற்கும் வானத்தை நம்பி வெறும் முகத்தோடு போகாதீர்கள்.

பிறகு ஒரு தாளில் உங்கள் கிழமையை எழுதுங்கள். சந்தை, வங்கி, கிளினிக், ரியூசன், உடுப்புக் காயப்போடுதல் எல்லாம். எவை அந்த இடைவெளிக்குள் விழுகின்றன, எவற்றை நகர்த்தலாம்? திருநெல்வேலிச் சந்தைக்கு வெள்ளென 7 மணிக்குப் போகலாம். உடுப்பைப் பின்னேரம் தோய்த்து இரவில் கொடியில் போடலாம்.

நகர்த்த முடியாததும் இருக்கும். பாடசாலை 1.30க்கு விடும். அந்த நேரத்து வெயிலில் என் நிழல் காலடியிலேயே நிற்கும். முதல் தடவை அந்த நேரத்திலேயே பாலத்தில் ஏறினேன். இரண்டாம் தடவை கொப்பி திருத்தும் வேலையைப் பாடசாலையிலேயே முடித்துவிட்டு 3.45க்கு வெளிக்கிட்டேன். நான் செய்த மாற்றங்களில் மிகப் பெரியது இதுதான். தோட்டத்தில் வெங்காயம் புடுங்குகிறவருக்கு இப்படிச் சொல்வது சுகம், செய்வது கஷ்டம் என்று விளங்குகிறது. அவர் விடிய 6 மணியிலிருந்து 9 மணி வரையும் பின்னேரம் 4 மணிக்குப் பிறகும் என்று வேலையைப் பிரிக்க முடியாவிட்டால், குளிசைக்குப் பதிலாக வேறு வழி உண்டா என்று டொக்டரிடம் கேட்கவேண்டும். பூசும் மெற்றோனிடசோல், அசெலைக் அசிட், ஐவர்மெக்ரின் என்று வேறு தெரிவுகள் இருக்கின்றன. வெயிலில் வேலை என்று சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

4. உடுப்பை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள்

உடுப்பு வியர்வையில் கரைந்து ஓடாது, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பூசவும் தேவையில்லை. அதனால்தான் கிறீமுக்கு முன் வைத்தேன்.

பரீட்சை சுகமானது. துணியை ஒற்றையாக விரித்து யன்னலுக்கு நேரே பிடியுங்கள். மறுபக்கத்தில் உங்கள் விரல் தெரிந்தால் அந்த அளவுக்கு வெயிலும் வரும். வெள்ளை வொயில் துணி குளிர்மையாக இருக்கும், ஆனால் விரல் தெளிவாகத் தெரியும். நெருக்கமாக நெய்த, சற்று நிறமான பருத்திதான் தேவை. வியர்வையில் நனைந்து ஒட்டிய பருத்தி வெயிலைக் கூட விடும். ஆகவே தொளதொளப்பாக இருக்கட்டும், காற்றும் உள்ளே போகும்.

பனையோலைத் தொப்பி எனக்கு மிகவும் பிடிக்கும். காற்றோட்டம் உண்டு, தலை வேகாது. ஆனால் வாங்கும்போது வெயிலுக்குத் தூக்கிப் பிடியுங்கள். நான் முதலில் வாங்கியதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது மூக்கிலும் கன்னத்திலும் மிளகு தூவியது போல வெளிச்சப் புள்ளிகள். ரொசேசியா இருக்கும் அதே இடம். உள்ளே ஒரு கறுப்புத் துணி வைத்துத் தைத்தேன், புள்ளிகள் மறைந்தன. விளிம்பு சுற்றிவர 3 அங்குலமாவது இருக்கவேண்டும். முன்னுக்கு மட்டும் விளிம்புள்ள தொப்பி காதையும் பிடரியையும் விட்டுவிடும்.

குடை என்றால் உள்ளே கறுப்போ வெள்ளிப் பூச்சோ உள்ள தடித்த குடை. மேலே இருந்து வரும் வெயிலைத்தான் அது மறிக்கும். நிலத்திலிருந்து தெறிப்பதை மறிக்காது. உலர்ந்த மணல் புற ஊதாக்கதிரில் ஏறத்தாழ 15 வீதத்தையும் கடல்நுரை 25 வீதத்தையும் திருப்பி அனுப்பும்.

கையுறையை மறக்காதீர்கள். கழுத்துப் பிளவு, சாறிச் சட்டையின் முதுகு வெட்டு, செருப்புக்கு வெளியே தெரியும் கால்மேல் மூன்றையும் மறக்காதீர்கள். கறுப்புக் கண்ணாடி வாங்கினால் யூவி 400 என்று குறித்ததாகப் பாருங்கள். ரொசேசியா கண்ணுக்கும் வருவதுண்டு.

5. சன்ஸ்கிறீன் தெரிவு

இப்போதுதான் பாமசிக்குப் போங்கள்.

எஸ்பிஎஃப் என்ற இலக்கம் யூவிபியை மட்டும் சொல்லும். 30 என்பது அதில் ஏறத்தாழ 97 வீதத்தையும் 50 என்பது 98 வீதத்தையும் மறிக்கும். எங்களுக்கு எதிரி யூவிஏ. ஆகவே வட்டத்துக்குள் யூவிஏ அடையாளமோ, பிஏ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் நான்கு கூட்டல் குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்பிஎஃப் 100 என்று பெரிதாக எழுதி யூவிஏ பற்றி ஒன்றும் சொல்லாததை விட, இந்த அடையாளமுள்ள 50 நல்லது.

பொருட்பட்டியலில் சிங்க் ஒக்சைட் இருப்பதைத் தேடுங்கள். அது யூவிஏயை நன்றாக மறிக்கும், ரொசேசியா முகத்தில் பொதுவாக எரியாது. எங்கள் நிறத்தில் அது சாம்பல் பூசியது போலத் தெரியும் என்பதால் பலர் கைவிடுகிறார்கள், அல்லது தெரியாத அளவுக்குக் கொஞ்சமாகப் பூசுகிறார்கள். தோல் நிறம் கலந்த வகை இருக்கிறது. அந்த நிறம் அயன் ஒக்சைட்டால் வருவது, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் ஓரளவு மறிக்கும். வாசனை, அல்ககோல், மெந்தோல் உள்ளவற்றை வைத்துவிட்டு வாருங்கள்.

வாங்கியதை உடனே முகம் முழுக்கப் பூசாதீர்கள். தாடையோரத்தில் காதுக்குக் கீழே ஒரு சின்ன இடத்தில் மூன்று நாள் பூசிப் பாருங்கள். எரிவு, கடி, புதிய பரு இல்லையென்றால் முகத்துக்குக் கொண்டுபோகலாம். இந்த மூன்று நாளையும் குளிசை தொடங்குவதற்கு முன் வைத்துக்கொண்டால் எது எரித்தது என்ற குழப்பம் வராது.

அளவு: சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் கோடாகப் பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு வேண்டும். கைமேல்களுக்குத் தனியாக. நாளுக்கு இரண்டு தடவை இப்படிப் பூசினால் 50 கிராம் ரியூப் மூன்று கிழமைக்குள் முடியும். அது இரண்டு மாதம் வந்தால் நீங்கள் பூசுவது காணாது. என்னிடம் "கிறீம் வேலை செய்யேல்லை அக்கா" என்று வந்தவர்களின் ரியூபை வாங்கிப் பார்ப்பேன், முக்கால்வாசி அப்படியே இருக்கும்.

ஸ்கூட்டர் சீற்றுக்குக் கீழே வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் கிறீம் பிரிந்து தண்ணீராகும், பிறகு நம்ப முடியாது.

6. காலையில் பூசும் வரிசை

முகம் கழுவி ஒற்றியதும் டொக்டர் தந்த பூசு மருந்து. அது தோலில் நேராகப் படவேண்டும், ஆகவே முதலாவது. காய ஐந்து பத்து நிமிடம். பிறகு வாசனையில்லாத ஈரப்பத கிறீம், மெல்லியதாக. அதுவும் அடங்கிய பிறகு சன்ஸ்கிறீன். அதற்கு மேல் பவுடர் போடுவதென்றால் போடலாம். பவுடருக்கு மேல் சன்ஸ்கிறீன் பூசினால் திட்டுத் திட்டாக நிற்கும்.

சன்ஸ்கிறீனைப் புள்ளி புள்ளியாக வைத்து உள்ளங்கையால் ஒற்றிப் பரப்புங்கள். உரசினால் ரொசேசியா முகம் சூடாகும். காது மடல், மயிர் ஓரம், மூக்கின் இரு பக்கம், தாடைக்குக் கீழ், பிடரி என்று ஒரே வரிசையில் போனால் ஓரிடமும் தப்பாது. உதட்டுக்கு எஸ்பிஎஃப் உள்ள பாம். வெளியே கால்வைக்க 20 நிமிடத்துக்கு முன் முடித்துவிடுங்கள்.

வெளியே நின்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. நான் பாடசாலையில் வீட்டுக்கு வெளிக்கிட முன், முகத்தை மெல்லிய துணியால் ஒற்றிவிட்டு இன்னொரு முறை பூசுவேன். காலையில் பூசியது அதுவரை வியர்வையோடு போயிருக்கும்.

7. பாதையில்

என் கை பொசுங்கியது இப்படித்தான். முகத்துக்கு ஹெல்மெற், வைசர், கிறீம் எல்லாம் இருந்தது. கை ஸ்கூட்டர் பிடியில் நாற்பது நிமிடம் நீட்டியபடி. மூன்றாம் கிழமை ஒருநாள் பின்னேரம் கைமேல் குத்தத் தொடங்கியது, குசினியில் எண்ணெய் தெறித்தது போல. இரவில் சிவந்து தடித்தது. மோதிரம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக ஒரு வளையம். அந்த வளையத்தைப் பார்த்துத்தான் இது ரொசேசியா அல்ல, வெயில் என்று விளங்கியது.

இந்த அடையாளத்தை மனதில் வையுங்கள். ரொசேசியா முகத்தின் நடுவில்தான் எரியும், கைமேலுக்கு வராது. கைமேல், கழுத்துப் பிளவு, பிடரி எரிந்து, உடுப்பு மூடிய இடமும் தாடைக்குக் கீழும் தப்பியிருந்தால் அது பெரும்பாலும் மருந்தும் வெயிலும் சேர்ந்த வேலை. எங்கள் நிறத்தில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. கண்ணாடியைவிட எரிவையும் சூட்டையும் நம்புங்கள்.

பாதையின் திசையைப் பாருங்கள். நான் காலையில் நகரிலிருந்து வேலணைப் பக்கம் போகும்போது வெயில் முதுகில், திரும்பும்போதும் முதுகில். எனக்குப் பிடரியும் காதும்தான் ஆபத்து. தீவகத்திலிருந்து நகருக்கு வேலைக்கு வருகிறவருக்கு இரண்டு தடவையும் முகத்தில் அடிக்கும். அவர் வைசரை இறக்கியே ஓடவேண்டும். பாலத்தில் இரு பக்கமும் ஆழமில்லாத கடல், கீழிருந்தும் கண் கூசும்.

வாகன யன்னல் கண்ணாடி காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். சாதாரணக் கண்ணாடி யூவிபியை மறிக்கும், யூவிஏயில் பெரும்பகுதியை உள்ளே விடும். காரின் முன் கண்ணாடி பரவாயில்லை, பக்கக் கண்ணாடிகள் அப்படியல்ல. காலையில் கொழும்புப் பக்கம் போகும் பஸ்ஸில் வலது பக்கச் சீற்றில் இருங்கள், வெயில் இடது பக்கம் விழும். மத்தியானத்துக்குப் பிறகு புறப்பட்டால் மறுபக்கம்.

8. சூட்டை இறக்குதல்

வெயிலை மறித்தாலும் உடம்பு சூடானால் ரொசேசியா கிளம்பும். துணி மாஸ்க்கால் முகத்தைப் பொத்தாதீர்கள், உள்ளே ஆவி நின்று கன்னம் வேகும். நிறுத்தும் இடங்களில் நிழல் பார்த்து நின்று வைசரைத் திறவுங்கள். போத்தலில் குளிர்ந்த தண்ணீரும் ஒரு ஈரத் துணியும் பையில் இருக்கட்டும். துணியைப் பிடரியில் வையுங்கள், முகத்தில் வைத்தால் சன்ஸ்கிறீன் போகும்.

வீட்டுக்கு வந்தவுடன் அடுப்படிக்குப் போகாதீர்கள். கால் மணித்தியாலம் காற்றாடிக்குக் கீழ் இருங்கள். தேத்தண்ணியை ஆறவிட்டுக் குடியுங்கள். கூழும் உறைப்புக் கறியும் எனக்கு முகத்தைக் கிளப்பும், என் தங்கைக்குக் கிளப்பாது. இதில் ஆளுக்காள் வேறு. கிளப்பியதை இரண்டு கிழமை எழுதிவைத்தால் உங்களுக்கே தெரியும்.

9. கோயிலும் கடலும்

நல்லூரில் ஆண்கள் சேட்டைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும். வீதியில் நிற்கும்போது சால்வையால் தோளையும் முதுகையும் மூடிக்கொள்ளலாம். வீதியில் உருளும் பிரதட்டையும் அடிக்கு அடி விழுந்து கும்பிடும் அடியழித்தலும் நேர்ந்திருந்தால் விடியப்புறம் இருட்டோடு முடியுங்கள், அல்லது குளிசை முடிந்த பிறகு செய்யுங்கள். முருகன் பொறுப்பார். வெள்ளை மணலில் நடுப்பகலில் நின்று பொசுங்கிய ஒருவரின் முதுகை நான் பார்த்திருக்கிறேன்.

திருநீறும் சந்தனமும் பூசும்போது நெற்றிச் சன்ஸ்கிறீன் துடைபடும். வெளியே வந்ததும் தொப்பி அல்லது குடை. செயற்கைக் குங்குமம் கடித்தால் விட்டுவிடுங்கள்.

கசூரினாக் கடற்கரைக்கும் நயினாதீவுப் படகுக்கும் காலை முதல் பயணம், இல்லையென்றால் பின்னேரம். படகில் கூரைக்குக் கீழே இருங்கள். நடுப்பகலில் கடலில் இறங்குவதை இந்த மூன்று மாதமும் மறந்துவிடுங்கள். தண்ணீர் குளிர்வதால் எரிவது தெரியாது, கரைக்கு வந்த பிறகுதான் தெரியும்.

10. எரிந்துவிட்டால்

உடனே நிழலுக்குள் போங்கள். குளிர்ந்த சுத்தமான தண்ணீரில் துணியை நனைத்து 10, 15 நிமிடம் வையுங்கள். ஐஸ் வேண்டாம். பிறகு வாசனையில்லாத ஈரப்பத கிறீம். பற்பசை, மஞ்சள், தேசிக்காய், வீட்டில் கிடக்கும் ஸ்டீரொய்ட் கிறீம் எதுவும் முகத்தில் படக்கூடாது. வலிக்குப் பரசிற்றமோல் போதும், நப்ரொக்சென் தேடாதீர்கள். பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைத்து, அடுத்த குளிசைக்கு முன் டொக்டரோடு கதையுங்கள்.

கொப்புளம் போட்டால், காய்ச்சலும் குளிரும் வந்தால், நகம் வலித்து அடியிலிருந்து கிளம்பினால், கண் சிவந்து வலித்து வெளிச்சம் பார்க்க முடியாவிட்டால் அன்றைக்கே காட்டுங்கள். கடும் தலையிடியோடு பார்வை மங்கினாலோ இரட்டையாகத் தெரிந்தாலோ காத்திருக்கக் கூடாது. உதடு, நாக்கு வீங்கி மூச்சு முட்டினால் அம்புலன்சுக்கு 1990ஐ எடுங்கள்.

11. குளிசை முடிந்த பிறகு

கடைசிக் குளிசை போட்ட அடுத்த நாளே தொப்பியைக் கழற்றி வைத்த ஒரு பிள்ளை மூன்றாம் நாள் விளையாட்டுப் போட்டிக்குப் போய் முகம் எரிந்து வந்தாள். மருந்து உடம்பை விட்டு முற்றாகப் போக நான்கு ஐந்து நாள் எடுக்கும். குறைந்தது ஒரு கிழமை அதே கட்டுப்பாட்டோடு இருங்கள்.

அதற்குப் பிறகு கையுறையையும் பாடசாலையில் 3.45 வரை காத்திருப்பதையும் நான் விட்டுவிட்டேன். தொப்பியையும் சன்ஸ்கிறீனையும் விடவில்லை. ரொசேசியாவுக்கு வெயில் எப்போதும் ஆகாது. டொக்டரிடம் காட்டிய மருந்துப் படத்தை அழிக்காமல் ஃபோனிலேயே வைத்திருக்கிறேன். அதன் கீழே தொடங்கிய திகதி, முடித்த திகதி, எத்தனை மில்லிகிராம், கை எரிந்த நாள் நான்கும் எழுதியிருக்கிறது. அடுத்த முறை எந்த டொக்டர் எந்த அன்ரிபயோற்றிக்கை எழுதினாலும் முதலில் அதைத்தான் நீட்டுவேன்.